பொத்தான் பாலிப்பும் சிங்கப்பூர்க் கண்ணாடியும்

என் சகலை சேவுகப்பெருமாளுக்குத் தெரியாத ஆள் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. தெரியாத விஷயமும் கிடையாது. இது அவரே சொன்னது. என் மனைவி சத்தியப்பிரியாவின் அக்கா துர்காதேவியைக் கட்டியவர் என்கிற ஒரே காரணத்தால், அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. காரைக்குடியில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து, கடைக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தலைவலி மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தேன்.

அங்கே உட்கார்ந்து அவர் செய்கிற வேலை, ஆள் அடையாளம் சொல்வது. இருமல் மருந்து வாங்க வந்தவனைக்கூட விடமாட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருப்பத்தூர்ப் பக்கம்ங்க."

"குலசாமி?"

அவன் சொல்வான். அண்ணன், அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், ஒருதரம் கண்ணை மூடித் திறப்பார்.

"அப்ப எங்க பெரியப்பா மக்களுக்கு நீ பங்காளியாக்கும். மூக்கைப் பாத்தவுடனே நெனச்சேன்."

வந்தவன் மீதிச் சில்லறையை மறந்து ஓடுவான். குலசாமி பேரைக் கேட்டபிறகுதான் மூக்கைப் பார்த்தார் என்பதை நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மூக்கை வைத்துக் குலசாமியைக் கண்டுபிடித்ததாக அவருக்கு நினைப்பு.

இதே முறையில் கல்யாணமும் பேசி முடிப்பார். தரகு வாங்கமாட்டார், அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். "தாயைத் தண்ணித்துறையில பாத்துட்டா மகளை வீட்டுல போயிப் பாக்கணுமா சகல?" என்பார். அப்படித்தான் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பார்த்தார் என்றா சொன்னேன்? மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார், அவர்கள் குலசாமி கோயிலைப் பார்த்தார், பந்தியில் கறிக்குழம்பைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மறுவீட்டு விருந்துக்கு அந்தப் பயல் தள்ளாடிக்கொண்டு வந்து இலைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டான். அந்தப் பெண் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறது. "பய தங்கமான பய. சேர்க்கைதான் சரியில்ல" என்று அண்ணன் வழக்கை முடித்துவிட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லுவார்கள். இவர் விழுந்ததையே ஒப்புக்கொண்டதில்லை, அப்புறம் மீசைப் பேச்சு எங்கே வருகிறது.

ஆள் அடையாளம் சொல்வதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். அண்ணன் முதலாளி வீட்டில் பார்த்துப் பிடித்த ஆசை ஒன்றைக் கொண்டுவந்தார். கோட்டையூர் வீட்டு ஹாலில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வைத்து அதற்குள் கடலை வளர்ப்பது. தொண்டிக் கடல் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். அங்கே போய் அவர் ஒருநாள் கால் நனைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வெளிநாட்டு உப்புப் பாக்கெட்டை வாங்கி, மெஷினில் வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, வீட்டுக்குள்ளேயே கடல் செய்தார். மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரில் மதினி பாத்திரம் கழுவுவார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்கு ஓடும், மின்விசிறிக்கு ஓடாது. மே மாதத்தில் அந்த வீட்டில் வேர்க்காமல் இருந்த ஜீவன்கள் தொட்டிக்குள் இருந்தவை மட்டும்தான்.

மனைவியின் அக்கா என்பதால் துர்காதேவி எனக்கு மதினி முறை. ஆரி வேலை செய்பவர். கல்யாண ஜாக்கெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியுமாக மயில் போடுவார். காரைக்குடியிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் தேடிக்கொண்டு வருவார்கள். அந்த வேலைக்குக் கையைவிடக் கண்தான் முக்கியம். ஹாலின் பெரிய சன்னல் ஓரம் அவருடைய இடமாக இருந்தது. தொட்டி வந்ததும் அண்ணன் அந்தச் சன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுவிட்டார். வெயில் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்குமாம். மதினி சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

தொட்டியில் மீன் பேருக்கு நாலு. மற்றதெல்லாம் பாறை, பாறைமேல் பாலிப். பார்த்தால் பூ என்பீர்கள். பூ இல்லை, பிராணி. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் வாய், ஓரம் முழுக்கக் குஞ்சம் மாதிரி சின்னச் சின்னக் கைகள், கீழே குட்டையாக ஒரு தண்டு. பணியாரச் சட்டியில் பணியாரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுபோல ஒரே பாறையில் கூட்டமாக இருக்கும். அடியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நீல விளக்கைப் போட்டால் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

தொட்டிக்காரர்கள் வளர்ப்பதில் முக்கியமாக இரண்டு வகை. சோவாந்தஸ் ஒன்று, பாலித்தோவா ஒன்று. செல்லமாகச் சோவா, பாலி. பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது, விளக்கை மாற்றினால் நிறமும் மாறிவிடும். ஆனால் பாலியில் சிலவற்றுக்குள் இருக்கிற விஷம் ஆளையே சாய்த்துவிடும். சோவாவையும் முழுக்க நம்பக் கூடாது, எதைத் தொட்டாலும் கையுறை போடு, கண்ணுக்குக் கண்ணாடி போடு என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது. இதெல்லாம் நான் பிற்பாடு, பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

போனில் "கடல் தொட்டி நண்பர்கள்" என்று ஒரு குழு வைத்திருந்தார் அண்ணன். என்னையும் கேட்காமல் சேர்த்துவிட்டார். யாராவது தங்கள் பாலிப்பைப் படம் எடுத்துப் போட்டு, இது என்ன வகை என்று கேட்பார்கள். அண்ணன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேள்வி போகும்: யாரிடம் வாங்கினீர்கள், அவர் யாரிடம் வாங்கினார், அதற்கு முன்னால் அது யார் தொட்டியில் இருந்தது. அந்த வம்சாவளி வந்து சேர்ந்ததும் பேர் சொல்லிவிடுவார். மருந்துக்கடை நாற்காலியில் நடந்த அதே கூத்துதான். மூக்குக்குப் பதிலாக நிறம், குலசாமிக்குப் பதிலாகப் பழைய தொட்டி. "இது ரெண்டும் பங்காளி. ஒரே பாறையில வைக்கலாம், சண்டை வராது" என்று குடும்பத் தீர்ப்பும் கூடவே வரும். பங்காளிகளுக்குள் சண்டை வராது என்று சொன்ன ஒரே சிவகங்கை மாவட்டத்துக்காரர் அவர்தான்.

ஒருநாள் தன் தொட்டிக்குப் புதிதாக வந்த பாறையைப் படம் போட்டார். தவிட்டு நிறத்தில் உடம்பு, நடுவில் பச்சை வட்டம். மதுரை சொக்கு வீட்டுச் சரக்கு, அசல் சோவா என்று கீழே எழுதியிருந்தார். சொக்கு மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அதே கிறுக்குப் பிடித்தவர். எல்லோரும் கைகூப்பும் பொம்மையும் இதயமுமாகப் போட்டார்கள். கிருத்திகா என்று ஒரு பெண் மட்டும், கடல் உயிரியல் படிக்கிற பிள்ளை, மரியாதையாக எழுதியது. அங்கிள், தண்டில் மணல் துகள் தெரிகிற மாதிரி இருக்கிறது. பாலித்தோவாதான் மணலை உடம்புத் தோலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும், சோவாந்தஸ் சேர்க்காது. ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்களேன் என்று.

அண்ணன் அந்தப் பிள்ளையைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"நேத்துப் பெறந்த பிள்ளை எனக்கு மணல் பாடம் எடுக்குது சகல. தொட்டியில மணல் கெடந்தா மேல ஒட்டத்தான செய்யும்? சொக்கு தொட்டியில பாலியே கெடையாது. அவன் வீட்டுல இருந்து வந்தது எப்படிப் பாலியா இருக்கும்?"

"லென்ஸ் வச்சுப் பாத்தீகளாண்ணே?"

"குடும்பம் தெரிஞ்சதுக்கப்பறம் லென்ஸு எதுக்கு?"

நான் ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை குழுக்காரர்களைத் தொட்டி பார்க்க வீட்டுக்கு அழைத்திருந்தார். அந்தப் பாறையில் பாசி படிந்திருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை அழுக்கு மூஞ்சியோடு நிறுத்த முடியுமா? அண்ணனுக்கு முதுகுப் பிடிப்பு, குனியக் கூடாது. ஆகவே குனிகிற வேலை மதினிக்கு வந்தது. பாறையைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டு, இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்த இடுக்கில் தேய்க்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மதினிதான் என்னிடம் சொன்னார்.

"கைல எதுவும் மாட்டிக்கிறணுமாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"சோவாவுக்கு எதுக்கு? வீட்டுப் பிள்ளை மாதிரி. சும்மா தேயி."

அழுத்தித் தேய்த்தால் பாலிப் வாயைச் சுருக்கி உள்ளே இருக்கிற தண்ணீரைப் பீச்சும். நேராக இடது கண்ணில் அடித்தது. மதினி முகத்தைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். எரிகிறது என்றதற்கு, உப்புத்தண்ணீர்தானே, கழுவு என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் பாறைக்கு ஏதும் அடி பட்டதா என்று திருப்பிப் பார்த்தும் இருக்கிறார். சாயங்காலம் கண் வீங்கிப்போனதும் வைத்தியமும் இவரே பார்த்தார். விளக்கெண்ணெயில் ஒரு சொட்டு. சகலை மருந்துக்கடை வைத்திருக்கிறான், ஒரு போன் போடுவோம் என்று தோன்றவில்லை. மறுநாள் காலையில் மதினிக்கு இமையைத் திறக்கவே முடியவில்லை. அவர்தான் தட்டுத்தடுமாறித் தங்கை சத்தியாவுக்குப் போன் செய்தார்.

காரைக்குடியில் கண் டாக்டர் மரிய அனிதா விளக்கைப் போட்டு நேரம் எடுத்துப் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் உரிந்து, கண்ணாடியில் ஆவி பிடித்ததுபோல் மங்கிக் கிடக்கிறது என்றார். என்ன பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதுல ரெண்டு வழி இருக்குங்க. தொட்டித் தண்ணியில இருந்து பூஞ்சையோ கிருமியோ ஏறியிருந்தா ஒரு மருந்து. அந்த உயிரோட விஷம்னா ஸ்டீராய்டு சொட்டு இப்பவே ஆரம்பிக்கணும். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு போட்டா கண்ணு போயிரும். விஷத்துக்குப் போடாம விட்டாலும் போயிரும். பாலித்தோவான்னு ஒண்ணு படிச்சிருக்கேன். இது அதுதானா?"

மதினி திறந்திருந்த ஒரு கண்ணால் புருஷனைப் பார்த்தார். கிருத்திகா எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அந்தப் பிள்ளை மணல்னு ஏதோ..."

"நீங்க சும்மா இருங்க சகல. டாக்டர், இது பாலியே இல்ல. சோவா. இதோட வம்சமே எனக்குத் தெரியும்." போனைத் திறந்து குழுவைக் காட்டினார். "இவுக அம்புட்டுப் பேருக்கும் நான்தான் வகை சொல்றேன்."

"நிச்சயமாச் சொல்றீங்களா?"

"எம்பொண்டாட்டி கண்ணு விசயத்துல மாத்திச் சொல்லுவேனா?"

டாக்டர் புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கிருமிக்கான மருந்தை எழுதினார். இத்தனை அடித்துச் சொல்கிற ஆளை வேறு என்ன செய்வது. மதினி கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊசி வேலை செய்ய முடியும்ல டாக்டர்? பள்ளத்தூர்ப் பொண்ணு ஜாக்கெட்டு பாதியில நிக்குது."

"பாப்போம்மா" என்றார் டாக்டர்.

இரண்டு நாளில் கண் தேறவில்லை; மோசமானது. வலியில் மதினி ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரிசோதனையில் கிருமி எதுவும் இதுவரை தென்படவில்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மரிய அனிதா சொன்னார். மாற்றுத் துணி எடுத்துவர சத்தியா என்னைக் கோட்டையூருக்கு விரட்டினாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். தொட்டியைத் தனியாக விட முடியாதாம்.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போனேன். தொட்டிக்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் சிங்கப்பூர்க் கண்ணாடி. கப்பல் பட்டறையில் போட்டுக்கொண்டது, சுற்றிலும் ரப்பர் வைத்துக் காற்றுகூடப் புகாமல் மூடுகிற தடிமனான கண்ணாடி; ஊர் திரும்பிய நாளிலிருந்து ஆணியில் தொங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முழங்கை வரைக்கும் ரப்பர் உறை. வாயில் துண்டு. சமையலறை இடுக்கியால் அந்தப் பாறையைப் பிடித்து, முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டமுடிந்த மட்டும் நீட்டி, வாளிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கினார்.

"பாறையை இடம் மாத்துறேன் சகல. தண்ணி தெறிக்கும்ல, அதுக்குத்தான்."

"இம்புட்டு நாளும் வெறுங்கையாலதான மாத்துனீக?"

இடுக்கியை வாளி விளிம்பில் சாத்தினார்.

"குடும்பம் தெரிஞ்சதுக்கப்பறம் கண்ணாடி எதுக்குண்ணே?"

"சந்தேகம்னு இல்ல. ஒரு இதுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். டாக்டர் இரண்டு நாள் முன்னால் கேட்ட கேள்விக்கு இவர் கைக்குப் பதில் தெரிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்கு மட்டும் தெரியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். உபதேசத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தனக்கு வைத்துக்கொண்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்டாட்டிக்குப் பழைய பிரஷ், தனக்குக் கப்பல் பட்டறைக் கண்ணாடி.

"கழட்டுங்க அத" என்றேன். கழற்றிக் கொடுத்தார். உறையையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தொட்டி பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மேசையில் அலங்காரமாக வைத்திருந்த லென்ஸை எடுத்து வாளிக்குள் பார்த்தேன். பாலிப் எல்லாம் மூடிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொன்றின் தண்டிலும் பொடி மணல், துணிமேல் மணி தைத்தமாதிரி வெளியே இல்லாமல், பிசைந்த மாவில் ரவை கிடப்பதுபோல உள்ளே கிடந்தது. பக்கத்தில் இருந்த பீச்சாங்குழலால் தண்ணீரை அடித்துப் பார்த்தேன். ஒரு துகள்கூடப் போகவில்லை. தொட்டியில் இருந்த இன்னொரு பாறையையும் பார்த்தேன். அதுவும் அதே மணலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் தண்டு மழுமழுவென்று இருந்தது.

படம் எடுத்து, குழுவில் கிடந்த பழைய செய்தியிலிருந்து கிருத்திகாவின் நம்பரைத் தேடி அனுப்பி, நடந்ததையும் சொன்னேன். அந்தப் பிள்ளை உடனே கூப்பிட்டது.

"பாலித்தோவாதான் அங்கிள். அதுல எந்த இனம்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது, போட்டோவ வச்சு யாரும் சொல்ல முடியாது. விஷம் எவ்வளவு இருக்குன்னும் தெரியாது. ஆனா டாக்டர்ட்ட இப்பவே சொல்லிருங்க."

தன்னை நீக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெரியாது என்பதை ஒரே மூச்சில் இரண்டு தடவை சொன்ன அந்தப் பிள்ளையைத்தான் எதுவும் தெரியாதது என்று அண்ணன் வெளியே அனுப்பியிருந்தார்.

"கிளம்புங்கண்ணே" என்றேன். "டாக்டர்ட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

அவர் நகரவில்லை. வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"போட்டோதான் இருக்கே சகல, நீங்களே காட்டிருங்க. நான் தப்பாச் சொன்னதாத் தெரிய வேணாம். சொக்கெல்லாம் வேற வர்றேன்னு சொல்லியிருக்காக."

நான் மதினியின் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் உறவு முறிந்திருக்கும். முறிந்திருந்தாலும் மோசமில்லை.

மரிய அனிதா படத்தைப் பார்த்தார், விவரத்தைக் கேட்டார், யாரையும் திட்டவில்லை. அங்கேயே சொட்டு மருந்தை மாற்றி ஊற்றிவிட்டு மதுரைக்குப் போன் போட்டார். அன்றைக்கே காரில் கொண்டுபோனோம். மதினி வாரக்கணக்கில் மதுரையில் கிடந்தார். கண் போகவில்லை. ஆனால் கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. இடது கண்ணுக்கு ஆள் தெரியும், ஊசி முனை தெரியாது. முதல் நாளே இந்த மருந்தை ஆரம்பித்திருந்தால் இவ்வளவு தழும்பு இருக்காது என்று மதுரை டாக்டர் சொன்னதை நான் மதினியிடம் மறைத்தேன். அவர் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். கண்ணாடி விஷயத்தை சத்தியா சொல்லிவிட்டாள். அதற்கு மதினி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

"ரெண்டு கைக்கும் உறை போட்டிருந்தாகளா தம்பி?"

"ஆமா மதினி."

தலையை ஆட்டிக்கொண்டார். பள்ளத்தூர்ப் பெண்ணின் ஜாக்கெட் வேறு ஒருவரிடம் போய்விட்டது.

அண்ணன் மதுரைக்கு வாராவாரம் வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், உப்புத்தண்ணீர் பட்டு இன்பெக்சன் ஆகிவிட்டது, இப்போது பரவாயில்லை என்று சொன்னார். என் முன்னாலேயே சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்; அவர் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தார்.

மதினி வீடு திரும்பிய பிறகு, தள்ளிப்போட்டிருந்த அந்தத் தொட்டி விருந்தை அண்ணன் மறுபடி வைத்தார். போகமாட்டேன் என்றேன். அக்கா தனியாக எல்லாருக்கும் காபி போடும், வாங்க என்று சத்தியா இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் அந்தப் பாறை தொட்டிக்கு நடுவில், விளக்குக்கு நேர் கீழே இருக்கிறது. தூக்கி எறிந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. ஆணியில் கண்ணாடியும் பழையபடி தொங்கியது.

மதுரை சொக்கு வந்திருந்தார். சாதுவான மனுஷர். தொட்டிக்கு முன்னால் குனிந்து கொஞ்சநேரம் அந்தப் பாறையைப் பார்த்தார்.

"அண்ணே, இது எங்கிட்ட இருந்து வந்ததுதான். ஆனா எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி யார் யார் கையிலயோ மாறுனது. பாலி மாதிரில்ல தெரியுது?"

ஹாலில் இருந்தவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.

"சொக்கு, பொண்ணைப் பெத்தவுகளுக்கே சில நேரம் அடையாளம் தெரியாது. நான் சொல்றேன் கேட்டுக்கங்க. இது..."

மதினி காபித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தார். தட்டை சத்தியா கையில் கொடுத்துவிட்டு நேராகச் சுவருக்குப் போனார். ஆணியில் இருந்த கண்ணாடியை எடுக்கும்போது, கை முதலில் ஆணிக்குப் பக்கத்துச் சுவரில் பட்டது; ஒரு கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தூரம் பிடிபடாது. இரண்டாம் தடவை எடுத்துவிட்டார். கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தார்.

"இதப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். "நாங்க கேட்டுக்கிறோம்."

குரலில் கோபம் இல்லை. புருஷனிடம் சாப்பிட வரச் சொல்கிற குரல்தான். சொக்கு மதினியின் இடது கண்ணைப் பார்த்தார், மடியில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார், எடுத்த காபி டம்ளரைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன் கண்ணாடியின் ரப்பர்ப் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். போட்டுக்கொள்ளவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"லைட்டு சரியில்ல சொக்கு. சரியாத் தெரியல."

எனக்குத் தெரிந்து சேவுகப்பெருமாள் அண்ணன் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதிலும் பழியைத் தூக்கி விளக்கின் மேல் போட்டார்.

மதினி பெரிய சன்னலுக்குப் போய்க் கறுப்புத் திரையை முழுக்க இழுத்து ஒதுக்கினார். வெயில் தொட்டி மேலும் அண்ணன் மேலும் விழுந்தது. பிறகு சமையலறையிலிருந்து சட்டத்தைத் தூக்கிவந்து சன்னல் ஓரம் போட்டு, துணியை வலது கண்ணுக்கு நேராக இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.